பவிசுக்காரியின் மணி

ஆட்டு மணி பொய் சொல்லாது என்பது சுல்மீராவின் கட்சி. மனிதர்கள் சொல்லுவார்கள், வானம் சொல்லும், தண்ணீர் லாரிக்காரன் கண்டிப்பாகச் சொல்லுவான், மணி சொல்லாது. அடுப்படியில் சோளமாவைப் பிசிறிக்கொண்டே, காட்டுக்குள் மந்தை என்ன செய்கிறது என்று சொல்லிவிடுவாள். டொங்... டொங் என்று சீராக வந்தால் நடக்கிறது. கிணுக்கென்று எப்போதாவது ஒன்று கேட்டால் நிழலில் படுத்து அசை போடுகிறது. நிறுத்தி, டொட-டொங் என்று வெட்டி இழுத்தால் தலையைச் சுண்டி இலை பறிக்கிறது. உம்புரானா என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முப்பது வருஷமும் இந்த மூன்று ஓசையைக் கேட்டுக்கொண்டேதான் அவள் பொழுது ஓடியது.

அந்த அக்டோபர் மாதத்துப் பகலில் கேட்டது மூன்றில் எதுவும் இல்லை. மணி நடுங்கியது. குளிர்காய்ச்சல்காரன் கையில் தகரக் குவளையைக் கொடுத்ததுபோல அடித்துக்கொண்டது. அதுவும் குளத்துப் பக்கமிருந்து.

கையில் ஒட்டிய மாவோடு வாசலுக்கு வந்தாள். காடு எலும்பாக நின்றது. மழை இல்லாத மூன்றாவது வருஷம். இலை என்று சொல்ல மேட்டில் ஒற்றை ஜுவா மரமும் குளத்தைச் சுற்றிக் கனூதுச் செடியும்தான் மிச்சம். குளத்துப் பாதையில் மந்தை ஏறி வந்தது, முப்பத்தோரு உருப்படி. முன்னால் பவிசுக்காரி. மற்ற ஆடுகள் காலால் நடந்தால் அது குட்டியிலிருந்தே பவிசால் நடக்கும். அதனால் அந்தப் பெயர். மந்தைக்குத் தலைமையை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை, அதுவே எடுத்துக்கொண்டது. பிறகுதான் மணி கட்டினார்கள். அது போகிற பக்கம் மணி போகும், மணி போகிற பக்கம் மற்றவை போகும்.

இப்போது அதன் தலை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டிருந்தது, யாருக்கோ வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதுபோல. வாசற்கல்லில் ஏறக் காலை எடுத்தது. கல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. முழங்காலில் மடிந்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்து எர்குலானு வந்து சேர்ந்தான். பக்கத்து வீட்டுக்காரன். சுல்மீராவின் மகள் இரேனிக்கு ஞானத்தகப்பன். ஆகையால் அவனுக்கு அவள் கொம்மாதிரி, அவளுக்கு அவன் கொம்பாதிரி. காப்பி கொதிக்கிற வாசனை அவனுக்கு மட்டும் எப்படித்தான் எட்டுமோ, அது அந்த ஊருக்கே விளங்காத விஷயம்.

"கொம்மாதிரி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இது குடிகாரன் தல. எம்மச்சான் ஒசோரியுவுக்கும் இப்படித்தான் ஆடும். அவனுக்காவது ஞாயித்துக்கிழம பூசையில கொஞ்சம் நிக்கும்."

"வெயில்ல நின்னிருக்கும் கொம்பாதிரி. கிறுகிறுப்பு."

"வெயில்லயே பொறந்த ஆட்டுக்கு வெயிலா? வாய மோந்து பாருங்க."

சுல்மீரா குனிந்து மோந்து பார்த்தாள். பச்சையும் கசப்புமாக ஒரு பால் வாடை, உதட்டோரம் காய்ந்த நுரை. கனூதை ஒடித்தால் விரலில் ஒட்டுகிற அதே வாடை.

"இன்னைக்கே அறுத்துருங்க" என்றான் எர்குலானு. "இது ஒண்ணோட போற சீக்கு இல்ல. ஒரு ஆடு தின்னுச்சுன்னா, அது வாய மோந்து பக்கத்து ஆடு தின்னும். அப்புறம் சோளத்தக் கொட்டி வச்சாலும் திரும்பிப் பாக்காது. அதுலயும் இது மணிக்காரி."

"வயித்துல உசிரு கெடக்கு கொம்பாதிரி. அறுக்கவா சொல்றீங்க?"

"நான் சொல்லல. அந்தத் தல சொல்லுது."

சுல்மீரா புருஷனைப் பார்த்தாள். அனக்ளேத்து செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தான். பேச்சை எண்ணிச் செலவழிக்கிற ஆள். ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னான்.

"ஒன் ஆடு, பொம்பள. நீ சொல்றதுதான்."

"போன வருசம் ரெண்டு மாசம் தண்ணி லாரி வரல. அப்ப நம்ம வீட்டுல காப்பி வெள்ளையா இருந்தது இவளாலதான் மனுசா. குட்டி போடட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளலாம் என்ற வார்த்தைக்குத்தான் உலகத்தில் கேடு அதிகம். ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உம்புரானாவில் பதினோரு வீடு. அதில் ஆறு பூட்டிக் கிடந்தன. எல்லா வீட்டிலும் முதலில் ஆடு போயிற்று, பிறகு ஆட்கள் தெற்கே பெரிய நகரத்துக்குப் பஸ் ஏறினார்கள். வரிசை ஒருநாளும் மாறவில்லை. மகள் இரேனி அங்கே ஒரு துணி ஆலையில் இருந்துகொண்டு, வாரம் தவறாமல் போனில் வா, வா என்பாள். "ஆடு இருக்குடி" என்பதுதான் சுல்மீராவின் பதில்.

கனூது அந்த ஊருக்கு எப்படி வந்தது என்பதற்கு நாலு கதை உண்டு. குளம் வெட்டின காலத்தில் மேஸ்திரியின் மனைவி பூவுக்கு ஆசைப்பட்டு ஒரு குச்சியைக் கரையில் ஊன்றினாள் என்பது அதில் நம்பும்படியானது. பூ அழகுதான், பொய் சொல்லக்கூடாது. வாய் அகன்ற ஊதுகுழல் மாதிரி, இளஞ்சிவப்பில், தொண்டையில் மட்டும் கருஞ்சிவப்பு. தண்டை ஒடித்தால் உள்ளே வெறும் குழல். கனூது என்றாலே குழல் என்றுதான் அர்த்தம். தண்ணீரில் நின்றால் தண்ணீரில் வளரும். குளம் வற்றி மண் பாளம் பாளமாக வெடித்தால் அந்த வெடிப்பில் வளரும். மற்றதெல்லாம் இலையை உதிர்த்துச் சன்னியாசம் வாங்கிக்கொள்கிற மாதங்களில் அது மட்டும் பச்சைப்பசேலென்று பூத்துக் குலுங்கும். வெட்கம் கெட்ட செடி.

ஒரு பிப்ரவரியில் ஊரே கூடி அதை ஒழிக்க இறங்கியது. அப்போது பதினோரு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. இரண்டு நாள் பாட்டும் கரும்புச் சாராயமுமாக அரிவாள் விளையாடியது. அடியோடு வெட்டி, தூக்கிச் சுமப்பானேன் என்று குளத்துத் தண்ணீரிலேயே தள்ளிவிட்டார்கள். தண்ணீர் ஒவ்வொரு துண்டையும் பத்திரமாக எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த வருஷம் குளத்தைச் சுற்றிலும் மாலை போட்டதுபோல் நின்றது. அன்றைக்கு அதிகமாக வெட்டியவன் அனக்ளேத்து. ஊரில் யாரும் அதைப் பேசுவதில்லை. எர்குலானு மட்டும் சாராயம் உள்ளே போனால் பேசுவான்.

நாற்பது நாளில் இன்னும் பதினோரு ஆடுகள் அதைத் தின்னக் கற்றுக்கொண்டன.

சுல்மீரா கம்பும் கையுமாகக் குளத்துப் பாதையில் போய் நின்று பார்த்தாள். ஆட்டை மறித்து மேய்ப்பது அந்த ஊர் வழக்கமே இல்லை. அங்கே வேலி பயிருக்குத்தான்; ஆட்டுக்குக் காடு முழுக்கத் திறந்து கிடக்கும், யாருடையது என்பதைக் காதில் போட்ட வெட்டு சொல்லும். இடது காதில் மீன்வால் வெட்டு என்றால் அனக்ளேத்து வீடு. அப்படி வளர்ந்த ஆட்டை ஒரு பொம்பளை எத்தனை பக்கம் மறிக்க முடியும்? அவள் இந்தப் பக்கம் நின்றால் மணி அந்தப் பக்கம் கேட்கும். நடுங்கிக்கொண்டே.

டிசம்பரில் பவிசுக்காரி ஈன்றது. ஒரே குட்டி. முன்னங்கால் இரண்டும் முடிச்சுப் போட்டதுபோல் மடங்கியிருந்தன. தலையைத் தூக்கி மடியைத் தேட அதனால் முடியவில்லை. சுல்மீரா துணியை நனைத்து அதன் வாயில் பால் பிழிந்தாள். பால் கடைவாய் வழியே வெளியே வந்தது. மறுநாள் காப்பி நேரத்துக்கு அது செத்துப்போயிற்று.

அதற்கு மறுநாள் கால்நடை ஆபீஸிலிருந்து ஒரு சின்னப் பெண் மோட்டார் சைக்கிளில் வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினபோது முகத்தில் பாதி செம்மண், பாதி மனுஷி.

"ஊசி ஏதாச்சும் இருக்கா டாக்டரம்மா?" என்றாள் சுல்மீரா.

"ஊசி போட்டா ஒங்களுக்கும் எனக்கும் மனசு ஆறும்கா. ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாது. இதுக்கு மருந்து இல்ல."

"அப்ப?"

"தின்னுறதையெல்லாம் கழிச்சிருங்க. தின்னாதது எத்தன?"

"பத்தொம்பது."

"அதுகள கொளத்துப் பக்கமே விடக்கூடாது. மழ பேஞ்சு மேட்டுக்காடு தழையுற வரைக்கும் அடச்சு வைங்க. தழஞ்சப்புறம் நேரா மேட்டுக்கு ஓட்டுங்க. ருசி தெரியாத ஆடு தானாத் தேடிப் போகாது. ருசி தெரிஞ்சதுன்னா, சுத்தி என்ன பச்ச இருந்தாலும் அதத்தான் தேடும்."

அனக்ளேத்து தொண்டையைச் செருமினான். "செடிய வெட்டிப் போட்டா?"

"வெட்டுற துண்டு ஒவ்வொண்ணும் ஒரு செடிண்ணே. பச்சையா மண்ணத் தொட்டா வேர் விட்டுரும். நல்லாக் காய விடணும்."

"காஞ்சா செத்துரும்?"

"நல்லாக் காஞ்சா."

இந்த 'நல்லா' என்பதற்கு எத்தனை நாள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இன்னும் ஏழு ஊர் பாக்கி இருக்கிறது என்று ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே பவிசுக்காரியின் கழுத்திலிருந்து சுல்மீரா மணியைக் கழற்றினாள். எட்டு வருஷம் கிடந்த தோல்வார். கழற்றின இடத்தில் மயிர் தேய்ந்து வெள்ளையாக ஒரு வளையம். ஆடு தலையை ஆட்டியது. ஓசை வராததால் திகைத்து இன்னொருமுறை ஆட்டிப் பார்த்தது. சுல்மீரா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோடரியின் பின்புறம் ஒருதரம் விழுந்த சத்தம் கேட்டது. அனக்ளேத்துவுக்கு எப்போதுமே ஒரு அடிதான். அந்த இறைச்சியை அந்த வீட்டில் யாரும் தொடவில்லை. எர்குலானு தோலை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். மற்றப் பதினொன்றையும் தலையாட்டம் வெளியே தெரியுமுன் இறைச்சி லாரியில் ஏற்றிவிட்டார்கள். லாரிக்காரன் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க சுல்மீராவுக்கு ஜெபமாலை கையில் ஓடவில்லை.

மணியைப் பவிசுக்காரியின் மகள் சாம்பலிக்குக் கட்டினாள். நடை அம்மாவுடையது, பவிசு பாதிதான். ஆனால் வாய் சுத்தம்.

அடைப்பதென்றால் வேலி வேண்டும். ஆட்டுக்கு வேலி என்பது அனக்ளேத்து தன் அறுபது வருஷத்தில் கட்டாத ஒன்று. பயிர்வேலியில் மாடு நுழையாவிட்டால் போதும். ஆட்டுக்கோ கை நுழைகிற சந்து இருந்தால் போதும். விரல் நுழையாமல் குச்சிகளை நெருக்கி நெருக்கி ஊன்ற வேண்டும். அத்தனை மரத்துக்கு எங்கே போவது? சுற்றுவட்டாரத்துக் கருவேல மரமெல்லாம் எப்போதோ கரியாகி மூட்டையில் போய்விட்டது. ஒரு வாரம் கழுதையோடு அலைந்து முன்பக்கத்துக்கும் இரு பக்கத்துக்கும் தேற்றினான். குளத்தைப் பார்த்த பின்பக்கச் சரிவுக்குக் குச்சி இல்லை.

"கனூது கெடக்கே" என்றான் ஒருநாள், சோற்றில் மரவள்ளி மாவைத் தூவிக்கொண்டே.

"பைத்தியமா மனுசா?"

"பச்சைய இல்ல. கீழ்க்கரையில அடித்தண்டு கைப்பருமன் நிக்குது. வெட்டிப் பாறையில போட்டுருவேன். மூணு வாரம் இந்த வெயில்ல கெடந்தா விறகு. செத்த குச்சி. அந்தச் சனியன வச்சே அந்தச் சனியன்கிட்ட போகாம மறிக்கப் போறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்த வருஷத்தில் அவன் சிரித்து சுல்மீரா பார்த்தது அன்றைக்குத்தான். அதனாலேயே மறுத்துப் பேச அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்று வாரம் பாறையில் கிடந்து தண்டுகள் சாம்பல் நிறமாகிவிட்டன. சுல்மீரா மேலே கிடந்த ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். தூசிதான் வந்தது. இன்னொன்றைக் கீறினாள். அதிலும் தூசி. ஒரு குச்சியை சாம்பலியின் வாயருகே நீட்டினாள். அது மோந்து பார்த்துவிட்டு, பழங்கஞ்சியைக் கண்ட விருந்தாளியைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குமேல் என்ன சோதனை செய்வாள்? அடியில் கிடந்த மொத்தத் தண்டுகளை யாரும் கீறிப் பார்க்கவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் வேலி முடிந்தது. விரல் நுழையாது. எர்குலானு வந்து சுற்றிப் பார்த்தான்.

"ஆட்டுக்கு ஜெயில் கட்டுன மொத ஆளு எங்கொம்பாதிரிதான். பாத்துக்கிட்டே இருங்க, கோழிக்கும் ஒரு கோயில் கட்டப் போறாரு."

"காப்பி வேணுமா, வெளக்கமாறு வேணுமா?" என்றாள் சுல்மீரா.

"ரெண்டுல எது சூடா இருக்கோ அது."

பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டில் உடம்பு உடம்பாக இல்லை. பத்தொன்பது உருப்படிக்கு வாயில் கொண்டுவந்து போட வேண்டும். விடியுமுன் அனக்ளேத்து கழுதையோடு மேட்டுக்குப் போய்க் கள்ளியை வெட்டி வருவான். சுல்மீரா சுள்ளியைக் கொளுத்தி, அதில் கள்ளியைப் புரட்டிப் புரட்டி முள்ளைப் பொசுக்குவாள். பொசுங்கின முள்ளின் வாடை அவள் பாவாடையிலும் தலைமயிரிலும் ஏறி, ஞாயிற்றுக்கிழமைச் சோப்புக்கும் போகாது. பிறகு துண்டு போட்டுத் தொட்டியில் கொட்டுவாள். கை முழுக்க முள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் கையிலிருந்து ஒருவர் முள் எடுப்பார்கள். அதுவே அவர்களுடைய பேச்சாகவும் இருந்தது.

டிசம்பரில் லூசியம்மாள் திருநாளைக்கு வைத்த ஆறு உப்புக்கல்லில் மூன்றாவது கல்தான் கரைந்திருந்தது. ஜனவரி தொடங்கி மாதத்துக்கு ஒரு கல், கரைகிற கல்லின் மாதத்தில் மழை; மூன்றாவது என்றால் மார்ச். "சூசையப்பர் கைவிட மாட்டாரு" என்று சுல்மீரா சொல்லிக்கொண்டே இருந்தாள். மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாள்; அன்றைக்குள் பெய்தால் அந்த வருஷம் பிழைத்தது, பெய்யாவிட்டால் பஸ்.

பதினெட்டாம் தேதி மத்தியானம் பெய்தது.

முதல் பத்துத் துளி புழுதியில் குழி பறித்தது. பிறகு ஓட்டின்மேல் கல்லைக் கொட்டியதுபோல் இரைச்சல். அனக்ளேத்து சட்டையோடு வாசலில் போய் நின்று வாயைத் திறந்துகொண்டான். எர்குலானு தன் வீட்டிலிருந்து ஓடிவந்து, காரணம் எதுவும் இல்லாமல் அவனைக் கட்டிப்பிடித்தான். சுல்மீரா இருக்கிற பாத்திரத்தையெல்லாம் கூரைத்தண்ணீருக்கு வைத்தாள்; சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அன்றே இரேனிக்குப் போன் போட்டு, பேசாமல், மழைச்சத்தத்தை மட்டும் கேட்கவைத்தாள்.

"வரமாட்டீங்க, அப்படித்தானே" என்றாள் மகள்.

"நீதான் வரணும். சோளம் வெளஞ்சதும் வா."

மழை விட்டு விட்டு எட்டு நாள் பெய்தது. அந்த எட்டு நாளும் ஊரே வயலில் கிடந்தது. ஈரம் காயுமுன் விதைக்காதவன் மனிதனா? அனக்ளேத்து குழி போட, சுல்மீரா சோளமும் மொச்சையும் போட்டுக் காலால் மண் தள்ளிக்கொண்டே போனாள். கருக்கலில் கிளம்பும்போது முன்படல் வழியாகக் கள்ளித் துண்டுகளைத் தொட்டியில் கொட்டுவதோடு சரி. ஆடுகள் ஈன ஆரம்பித்தன. ஆறு குட்டி, ஆறும் எழுந்து நின்றன. தொட்டியில் கள்ளி மிஞ்சத் தொடங்கியது. வயிறு நிறைய தண்ணீர் குடித்திருக்கின்றன, உள்ளே புல்லும் கொஞ்சம் முளைத்திருக்கும் என்று சுல்மீரா நினைத்துக்கொண்டாள். மிஞ்சுகிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டாள். முள் பொசுக்குவது ஒரு கூடை குறைந்தது அல்லவா. மேட்டில் காடு மெல்லப் பச்சை கட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு வாரம், படலைத் திறந்துவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வயலுக்குப் போக வேண்டியதில்லை. நன்றாக விடிந்தபிறகு சுல்மீரா அடுப்படியில் சோளமாவைப் பிசிறிக்கொண்டிருந்தாள். பட்டியிலிருந்து மணி கேட்டது.

டொங். நிறுத்தி, டொட-டொங்.

கை தானாக நின்றது. தலையைச் சுண்டி இலை பறிக்கிற ஓசை. பட்டிக்குள் ஏது இலை?

மாவோடு ஓடினாள். முன்படலில் நின்று பார்த்தபோது வேலி மொட்டையாகத்தான் நின்றது, கட்டின நாளில் இருந்ததுபோலவே. ஒரு நொடி உயிர் வந்தது. பிறகு ஆடுகளைப் பார்த்தாள். அத்தனையும் பின்பக்கச் சரிவில், வேலியோரம் வரிசையாக, முகத்தை வேலிக்குள் திணித்துக்கொண்டு நின்றன. தொட்டியில் நேற்றைய கள்ளி அப்படியே கிடந்தது.

அவள் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடினாள். பின்பக்கம் போனதும் கால் நின்றுவிட்டது. வேலி வெளிப்பக்கம் முழுக்கப் பச்சைச் சுவராக இருந்தது. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு துளிர், துளிருக்கு நாலு இலை, ஒரு குச்சியில் மொட்டுக்கூட விட்டிருந்தது. உள்ளே துளிர்த்ததெல்லாம் துளிர்க்கத் துளிர்க்க ஆட்டு வயிற்றுக்குள் போயிருந்தது. அதனால்தான் உள்ளே பார்த்த கண்ணுக்கு மொட்டையாகத் தெரிந்தது. இப்போது குச்சிகளை நெம்பி அகட்டின சந்து வழியாக வெளிப்பக்கத்தை இழுத்துக்கொண்டிருந்தன. சாம்பலியின் வாய் வேலிக்குள் வந்தது, ஒரு இலையைக் கவ்வியது, சுண்டியது. டொட-டொங்.

"மனுசா!" என்று அவள் கூப்பிட்ட குரலுக்கு அனக்ளேத்து மட்டுமல்ல, எர்குலானுவும் ஓடிவந்தான்.

அனக்ளேத்து வேலியருகே போனான். ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். கிழவியின் முடிபோல வெள்ளை வெளேரென்று ஒரு பிடி வேரோடு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று நாலு பக்கமும் பார்த்தான். கீழே போட்டால் ஈரமண். அந்தப் பக்கம் குளம். எரிக்கலாம் என்றால் எட்டு நாள் மழையில் ஊரில் அடுப்படிக்குள் வைத்ததைத் தவிரக் காய்ந்த சுள்ளி இல்லை.

"நல்லாக் காய விட்டேன்" என்றான். "மூணு வாரம் காய விட்டேன் கொம்பாதிரி. நீயும் பாத்தேல்ல?"

எர்குலானுவுக்கு வாயில் வராத கேலியே கிடையாது. அன்று அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "பாத்தேன் கொம்பாதிரி. வெறகாத்தான் கெடந்துச்சு."

"இப்பவே தொறந்து மேட்டுக்கு ஓட்டிருவோம்" என்றாள் சுல்மீரா. மூச்சு வாங்கியது. "ஒம்பது நாள்தானே. தல ஆடல. பாருங்க, ஒண்ணுக்கும் தல ஆடல. மேட்டுல தழ வந்துருச்சு."

"ஓட்டலாம் கொம்மாதிரி. போகும். மத்தியானமே கொளத்துக்கு எறங்கிரும். மணி எங்க போகுதோ அங்கதானே."

"அப்ப மணிய மாத்துறேன். தின்னாதது ஒண்ணாவது இருக்கும். அதுக்குக் கட்டுறேன். அது முன்னால போனா மத்தது பின்னால வரும்."

இரண்டு ஆண்களும் அவளைத் தடுக்கவில்லை. தடுத்துவிட்டு வேறு என்ன சொல்வார்கள்?

அவள் உள்ளே போய், சாம்பலியை முழங்காலில் இடுக்கி வாரை அவிழ்த்தாள். மணியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு ஆடாகப் பிடித்து, தாடையைத் திறந்து, மோந்து பார்த்தாள். சாம்பலி, பச்சைப் பால் வாடை. ஒற்றைக்கொம்பி, பல்லிடுக்கில் இலைநரம்பு. கிடா. கிடாவும்தான். போன வருஷத்து இரட்டைகள் இரண்டும். ஒன்றை விட்டு ஒன்றுக்குப் போகும்போது அவள் நடை வேகமாகிக்கொண்டே போயிற்று. பிடித்த ஆட்டையே மறுபடி பிடித்து, மறுபடி மோந்தாள். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பதாவது, நேற்று ஈன்ற சின்னக் கறுப்பி. நேற்று முழுக்க வலியில் படுத்தே கிடந்த ஆடு, அது எழுந்துபோய்த் தின்றிருக்காது. சுல்மீரா அதன் முன்னால் மண்டியிட்டாள்.

கறுப்பி அசை போட்டுக்கொண்டிருந்தது. கடைவாயில் ஒரு துண்டு இலை வெளியே தொங்கியது.

"விடு பொம்பள" என்றான் அனக்ளேத்து, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "எந்திரிச்சு வா."

அவள் எழுந்திருக்கவில்லை. கறுப்பியின் வயிற்றுக்கடியிலிருந்து அதன் குட்டி வெளியே வந்தது. ஒருநாள் வயசு, தொப்புள்கொடி இன்னும் காயவில்லை. காதில் வெட்டு விழவில்லை. கழுத்தோ அவள் பெருவிரல் தடிமன். அந்தத் தோல்வாரை மூன்று சுற்றுச் சுற்றினாலும் நிற்காது. நாலு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு நின்று தாயின் முகத்தைப் பார்த்தது. கிட்டத்தில் வந்து தாயின் வாயை மோந்தது. தொங்கிய இலையை ஒருமுறை நக்கியது. பாலைத் தவிர வேறெதையும் அறியாத வாயால் அதைக் கவ்வி, மெல்ல இழுத்தது.

சுல்மீராவின் கையில் மணி நடுங்கிக்கொண்டிருந்தது.